உஷார்! வெள்ளம் வாசலில்... எமன் மாடிப்படிக்கு அடியில்!

இன்று ராத்திரி படுக்கப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

கரண்ட் இல்லை. கும்மிருட்டு. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இப்போது உங்கள் வீட்டு இன்வெர்ட்டரை யார், எப்படி அணைப்பீர்கள்?

"கரண்ட்தான் போயிடுச்சே, அப்புறம் எதை அணைக்கணும்?" என்று கேட்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து, கடைசி வரி வரை படியுங்கள். பயமுறுத்துகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. பயந்தாவது பிழைத்துக்கொள்ளுங்கள்!

அந்த வீட்டில் நடந்தது

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் கரையேறாமல், சென்னைக்கு எதிரே கடலிலேயே ஊர்ந்துகொண்டு கொட்டித் தீர்த்த நாள்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர். பெயர் வேண்டாம். தென்சென்னையில் ஏரியை ஒட்டிய ஒரு நகரில் சொந்த வீடு. கீழே அவர்கள், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். கிரில் போட்ட வராந்தாவிலிருந்தே மாடிப்படி. 2015 வெள்ளத்தைப் பார்த்த வீடுதான். "அப்பவே முழங்காலுக்குக் கீழே நின்னுடுச்சு. இப்ப மட்டும் என்ன ஆகிடப் போவுது?" என்று இருந்துவிட்டார்கள்.

முதல் நாள் ராத்திரியே கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் இருந்ததால் யாருக்கும் கவலையில்லை. விடியற்காலை மூன்றரை மணிக்கு, பாத்ரூம் போக எழுந்த அக்கா கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தார். ஜில்லென்று தண்ணீர். செருப்பு ஹாலில் மிதந்துகொண்டிருந்தது.

அப்புறம் ஒரே ஓட்டம். அரிசி மூட்டையைத் தூக்கு, துணியைத் தூக்கு, மாமியாரைக் கட்டில் மேலே உட்கார வை. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. காலுக்குக் கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை!

காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் பையனுக்குத் திடீரென்று மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இன்வெர்ட்டர் ஞாபகம் வந்தது. "அம்மா, பேட்டரி நனைஞ்சா பதினஞ்சாயிரம் போச்சு!" என்று தண்ணீரில் இறங்கி ஓடினான். டிராலியில் கை வைத்தான்.

சத்தமே இல்லை. கத்தக்கூட முடியவில்லை அவனால். கை அப்படியே ஒட்டிக்கொண்டது.

"என்னடா?" என்று அக்கா அவனைப் பிடிக்கப் பாய்ந்தார். பிடித்திருந்தால் அம்மா, பிள்ளை இருவரும் அங்கேயே முடிந்திருப்பார்கள். மாடிப்படியிலிருந்து ஒரு குரல்: "தொடாதே!"

மாடி வீட்டுக்காரரின் அம்மா. வேதாரண்யம் பக்கத்துக்காரர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். துணி காயப்போடும் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு, நனையாத படியில் நின்றபடியே பையனின் கையை ஒரே தள்ளாகத் தள்ளினார். அவன் அந்தப் பக்கம் விழுந்தான். அதற்குள் இன்வெர்ட்டரும் 'பீப், பீப்' என்று கத்திவிட்டு அணைந்துபோனது.

பையன் பிழைத்தான். உள்ளங்கையில் இன்னும் கறுப்பாக ஒரு கோடு இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

வெள்ளம் அந்தப் பையனை அடித்துக்கொண்டு போகவில்லை. வீட்டுக்காரர்களே கடன்பட்டு வாங்கி, மாதா மாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பார்த்துக்கொண்ட பொருள் அவனை விழுங்கப் பார்த்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் எல்லோரும் மாடியில். அங்கேதான் இன்னும் கொடுமை. மாமியாரின் இன்சுலின் கீழே ஃபிரிட்ஜில். வீட்டுப் பத்திரம் பீரோவின் அடித்தட்டில், தண்ணீருக்குள். போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ். அதுவும் அணைந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் போன் கொடுத்தார். ஆனால் சொந்தத் தங்கையின் நம்பர் அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரியவில்லை!

அந்த வேதாரண்யத்துப் பாட்டியிடம் மட்டும் எல்லாம் இருந்தது. வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த பிறகு கழுவி வைத்த ஒரு வெள்ளைப் பக்கெட். இறுக்கமான மூடி. உள்ளே ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், மாத்திரை, டார்ச், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, கொஞ்சம் ரொக்கம். பக்கத்தில் ஒரு தூக்கில் அவலும் வெல்லமும்.

"2018-ல கஜா அடிச்சப்ப நாள்கணக்கா கரண்டு இல்லாம கெடந்தோம்மா. ஓடு பறந்துச்சு, தென்னை சாஞ்சுது, கட்டின துணியோட நின்னோம். அன்னிக்குக் கட்டி வச்ச வாளி இது. எங்க போனாலும் கூடவே வரும்" என்றாராம்.

ஒரு பக்கெட். அவ்வளவுதான் வித்தியாசம்!

"நமக்கு எங்கே வரப்போகுது?" என்று சொல்லாதீர்கள்!

ஏரிப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத்தானே இதெல்லாம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கணக்கைப் பாருங்கள்.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. ராத்திரி தூங்கப் போன அடையாற்றங்கரை மக்கள் மொட்டை மாடியில் கண் விழித்தார்கள். செல்போன் டவர் வேலை செய்யவில்லை. ஏ.டி.எம்.மில் பணம் இல்லை. பால் பாக்கெட்டுக்கு நாயாய்ப் பேயாய் அலைந்தோம்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை! அந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். தூத்துக்குடி மாவட்டத்தை வறண்ட பூமி என்றுதானே நினைத்திருந்தோம்? திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. தண்டவாளத்தை வெள்ளம் அரித்துவிட்டது. பலரை மீட்க 19-ஆம் தேதி ஆகிவிட்டது. அதுவரைக்கும் சோறு போட்டது யார் தெரியுமா? பக்கத்து கிராமத்து ஜனங்கள்!

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் முதல் நாள் ராத்திரி கரை கடந்தது புதுச்சேரிப் பக்கம். ஆனால் கடலே இல்லாத திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் புதைந்துபோனார்கள். அன்று நள்ளிரவு தாண்டி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்க, தென்பெண்ணைக் கரை ஊர்கள் தூக்கத்திலேயே மாட்டிக்கொண்டன.

வெள்ளம் பெரும்பாலும் எப்போது வந்தது, கவனித்தீர்களா? ராத்திரி. விடியற்காலை. நாம் அசந்து தூங்கும் நேரம்!

இன்னொன்றையும் மறக்காதீர்கள். முதல் இரண்டு, மூன்று நாள் உங்களைத் தேடி யாரும் வந்து சேர முடியாமல் போகலாம். படகு வரும், பொட்டலம் வரும், அதிகாரி வருவார். ஆனால் அதுவரைக்கும் நீங்கள்தான் உங்கள் வீட்டுக்குப் பேரிடர் மீட்புப் படை!

பூமி ஆடினால்? அதுவும் வரும்!

"சென்னையில பூகம்பமா?" என்று சிரிக்காதீர்கள். 2002-ல் திருத்தப்பட்ட நிலநடுக்க வரைபடத்தில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். கோயம்புத்தூரில் 1900 பிப்ரவரியிலேயே பெரிய நிலநடுக்கம் வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25 ராத்திரி புதுச்சேரிக்கு அருகே கடலடியில் 5.5 அளவில் ஒரு நிலநடுக்கம். சென்னையில் பாத்திரங்கள் உருண்டன, ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஞாபகம் இருக்கிறதா?

அதே 2001-ல், ஜனவரி 26 காலையில் குஜராத் பூஜ் நிலநடுக்கம். அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. விழுந்தவற்றில் பல எப்படிப்பட்டவை தெரியுமா? கீழே சுவரே இல்லாமல், வெறும் தூண்களை நிறுத்திக் கார் பார்க்கிங் விட்ட கட்டடங்கள். மேலே கனம், கீழே காலி. ஆட்டத்தில் தூண் ஒடிந்து மேல்தளங்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டன.

இப்போது பால்கனிக்கு வந்து உங்கள் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தைப் பாருங்கள். வயிற்றைப் பிசைகிறதா? பிசையட்டும். அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் லிஃப்ட்டுக்கு மாலை போடுவதைப் பற்றிப் பேசி முடித்ததும், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிட்டுத் தூண்களைக் காட்டலாமா என்று எழுந்து கேளுங்கள்.

2004 டிசம்பர் 26-ஐயும் சொல்லிவிடுகிறேன். சுமத்ராவில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு. சென்னையில் பலருக்குக் கட்டில் ஆடியது. எழுந்து, திரும்பப் படுத்தார்கள். கடல் நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். கையில் இரண்டு மணி நேரம் இருந்தது. அது ஓடுவதற்கான நேரம் என்று எவருக்கும் தெரியவில்லை! இன்று ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. ஆனால் எச்சரிக்கை வந்தால் எந்தத் தெரு வழியாக மேட்டுக்குப் போவது என்பதை உங்கள் வீட்டில்தான் முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உஷார்!

1. 'ரெட் அலர்ட்' என்று செய்தியில் சொன்னால், 'ஸ்கூல் லீவா?' என்று மட்டும் பார்க்காதீர்கள். 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டலாம் என்று அர்த்தம். அன்று மாலைக்குள் வீடு தயாராக வேண்டும்.

2. பாத்ரூம், டாய்லெட் ஓட்டையிலிருந்து தண்ணீர் எதிர்த்து மேலே வருகிறதா? தெருவில் சாக்கடை நிரம்பிவிட்டது. அடுத்தது உங்கள் ஹால்தான். மணல் மூட்டையால் ஓட்டையை அடைத்துவிட்டு மின்சாரத்தை அணையுங்கள்.

3. சுவரைத் தொட்டால் விறுவிறு என்று இருக்கிறதா? குழாயைத் திறக்கும்போது விரல் நுனியில் சுருக்கென்கிறதா? கசிவு இருக்கிறது. "மழைக்காலத்துல அப்படித்தான்" என்று விடாதீர்கள். அப்படியெல்லாம் கிடையாது!

4. இன்வெர்ட்டர், பேட்டரி, பிளக் பாயின்ட், சம்ப் மோட்டாரின் ஸ்விட்ச் ஆகியவற்றில் ஏதாவது தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் இருக்கிறதா? அதுதான் உங்கள் வீட்டு எமன். மழைக்கு முன்னால் இடுப்புக்கு மேலே ஏற்றுங்கள்.

5. புயலில் திடீரென்று காற்று நின்று, வானம் வெளுத்து, ஊரே அமைதியாகிறதா? "முடிஞ்சுது" என்று வாசலுக்குப் போகாதீர்கள். புயலின் கண் உங்கள் தலைக்கு மேல் இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.

6. கடற்கரையில் நிற்கும்போது பூமி ஆடியதா? அல்லது கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கி, அடியில் கிடக்கும் பாறை வெளியே தெரிகிறதா? வேடிக்கை பார்க்காதீர்கள். செல்ஃபி எடுக்காதீர்கள். மேட்டைப் பார்த்து ஓடுங்கள்!

7. மலைச்சரிவில் வீடா? தரையில் புது விரிசல், சாய்ந்த மரம், கதவு திடீரென்று பொருந்தாமல் இடிப்பது, தெளிவாக ஓடிய ஊற்று செம்மண்ணாகக் கலங்குவது... இதில் ஒன்று தெரிந்தாலும் அன்று ராத்திரி அங்கே படுக்காதீர்கள்.

8. உங்கள் கட்டிலின் தலைமாட்டில் நிற்பது என்ன? பீரோவா? அதன் தலையில் சூட்கேஸா? அதற்கும் மேலே பரணில் பித்தளை அண்டாவா? பூமி ஆடினால் முதலில் விழுவது அந்த அண்டா. விழும் இடம் உங்கள் பிள்ளையின் தலை!

9. கேஸ் வாசனை வருகிறதா? ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள், வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடுங்கள்.

10. சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா? முன்னால் போன லாரி கடந்துவிட்டது என்று பின்னாலேயே போகாதீர்கள். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் மாட்டி, ஒரு பெண் மருத்துவர் காருக்குள்ளேயே இறந்துபோனார். படித்தவர், விவரம் தெரிந்தவர். தண்ணீருக்கு அதெல்லாம் தெரியாது.

கரண்ட் போனாலும் கரண்ட் இருக்கிறது!

இதை இரண்டு தடவை படியுங்கள். இ.பி. சப்ளை நின்றுபோனாலும், இன்வெர்ட்டர் ஓடுகிற வரைக்கும் உங்கள் ஸ்விட்ச் போர்டில் 230 வோல்ட் இருக்கிறது. தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் பயப்படுகிறோம். அதே போல் உயிரைக் குடிக்கும் மின்சாரம் நம் ஹாலில், தண்ணீர் தொடும் உயரத்தில் இருக்கிறது.

மெயினை மட்டும் அணைத்தால் போதாது. இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். இன்வெர்ட்டரை மட்டும் அணைத்தாலும் போதாது. மெயினையும் அணைக்க வேண்டும். இரண்டும்! மாடியில் சோலார் பேனல் இருந்தால் அதன் ஸ்விட்சும்.

எப்போது? தண்ணீர் வாசற்படியைத் தொடும்போதே. கால் நனைந்த பிறகு அல்ல. ஸ்விட்ச் இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டதென்றால், சத்தியமாகச் சொல்கிறேன், கிட்டவே போகாதீர்கள். பேட்டரி போனால் போகட்டும். ஃபிரிட்ஜ் போனால் போகட்டும். உலர்ந்த வழி எதுவோ அதில் வெளியேறி, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். "எங்க வீட்டுல ஆர்.சி.சி.பி. இருக்கா? அது இன்வெர்ட்டர் லைனையும் காப்பாத்துமா?" கசிவு ஏற்பட்டால் கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அது. பல வீடுகளில் மெயினுக்கு மட்டும் இருக்கும், இன்வெர்ட்டர் லைனுக்கு இருக்காது. அந்த அக்கா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

பூமி ஆடும்போது ஓடாதீர்கள்!

நம் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடுவதுதான். அங்கேதான் ஆபத்து. ஆட்டம் பெரும்பாலும் சில விநாடிகள்தான். ஓடுகிறவர் படியில் உருளுகிறார். வாசலைத் தாண்டுகிறவர் தலையில் சன்ஷேடும் கைப்பிடிச் சுவரும் விழுகின்றன.

கனமான மேஜை இருந்தால் அதற்கு அடியில் புகுந்து காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் வீடுகள் பலவற்றில் மேஜையே கிடையாது, தெரியும். அப்படியென்றால் ஜன்னலும் பீரோவும் இல்லாத உள்சுவர் மூலையில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையையும் பிடரியையும் மூடிக்கொள்ளுங்கள். படுக்கையில் இருந்தால் தலையணையால் தலையை மூடுங்கள். ஆட்டம் நின்ற பிறகு, செருப்புப் போட்டுக்கொண்டு, கேஸை மூடிவிட்டு, படி வழியாக வெளியேறுங்கள். லிஃப்ட் வேண்டவே வேண்டாம். வெளியே வந்ததும் கட்டடத்தையும் மின்கம்பத்தையும் விட்டுத் தள்ளி நில்லுங்கள். சின்னச் சின்ன ஆட்டம் மறுபடி வரும். "நகையை எடுத்துட்டு வந்துடறேன்" என்று உள்ளே ஓடாதீர்கள்!

பீரோவைச் சுவரோடு சேர்த்து இரண்டு எல் கிளாம்ப் அடிக்க ஒரு கார்ப்பென்டருக்கு அரை மணி நேரம் போதும். பரணில் இருக்கும் அண்டா, கிரைண்டர் கல் எல்லாம் தரைக்கு வரட்டும். கொலு பொம்மைப் பெட்டி வேண்டுமானால் மேலே போகட்டும். கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பும் ஒரு டார்ச்சும் எப்போதும் இருக்கட்டும். உடைந்த கண்ணாடி இருட்டில் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு பெயிண்ட் பக்கெட் எடுங்கள்

அந்தப் பாட்டியின் வாளியை நாமும் கட்டுவோம். பை வேண்டாம், பை நனையும். மூடி போட்ட பக்கெட் மிதக்கும்.

உள்ளே: பத்திரம், பட்டா, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் மார்க் ஷீட், இன்ஷூரன்ஸ் பாலிசி. எல்லாவற்றையும் ஜிப் கவரில் போட்டு, போனில் படமும் எடுத்து வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். சில ஆயிரம் ரூபாய் ரொக்கம், நூறும் ஐம்பதுமாக. ஏழு நாள் மாத்திரை, பழைய பிரிஸ்கிரிப்ஷன். டார்ச், பவர் பேங்க், விசில். ஆமாம், விசில்! இருட்டில் மொட்டை மாடியில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் மழைச் சத்தத்தில் கேட்காது. விசில் கேட்கும். பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நாப்கின். கைக்குழந்தை இருந்தால் பால் பவுடர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட். உள்மூடியில் ஒட்டி ஒரு காகிதம்: முக்கியமான ஐந்து நம்பர்கள், பேனாவால் எழுதியது.

பக்கெட்டுக்கு வெளியே: அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம், பிஸ்கட். அடுப்பே மூட்டாமல் மூன்று நாள் ஓட்டலாம். குடிக்க, புழங்க ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர். நான்கு பேர் வீட்டுக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் இரண்டு, கூடவே ஒரு குடம்.

இன்சுலின் போடுபவர் இருந்தால், ஃபிரிட்ஜ் ஓடாதபோது எப்படி வைத்துக்கொள்வது என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். டயாலிசிஸ், ஆக்ஸிஜன், மாதம் நிறைந்த கர்ப்பம் என்றால் ரெட் அலர்ட் வரும் முன்பே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். "பார்த்துக்கலாம்" என்ற ஒற்றைச் சொல்தான் எத்தனையோ வீட்டில் விளக்கை அணைத்திருக்கிறது.

தண்ணீர் வடிந்ததும் ஆபத்தும் வடிந்துவிடாது!

வடிந்த சந்தோஷத்தில் முதலில் என்ன செய்கிறோம்? மெயினைப் போடுகிறோம். மோட்டாரைப் போடுகிறோம். காரை ஸ்டார்ட் செய்து பார்க்கிறோம். மூன்றும் தப்பு!

போர்டுக்குள் ஈரம் இருக்கும். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும் வரை மெயினைத் தொடாதீர்கள். நனைந்த மோட்டாரும் அப்படியே. தண்ணீரில் நின்ற காரின் சாவியைத் திருப்பினால் இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறிக் கெட்டுவிடும். அப்புறம் இன்ஷூரன்ஸிலும் தகராறுதான். போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லி, கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, மூடிய வராந்தாவிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார்.

சம்ப்பில் சாக்கடை கலந்திருக்கும். முழுக்க இறைத்து, கழுவி, குளோரின் போட்ட பிறகே புழங்குங்கள். குடிநீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவருக்குச் சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு நிறுத்தாதீர்கள்.

அலமாரிக்கு அடியில் கையை விடாதீர்கள். பாம்பும் உங்களைப் போலவே உயிருக்குப் பயந்து மேடு தேடி வந்திருக்கும். கழியால் தட்டிப் பாருங்கள். ஷூவை உதறிப் போடுங்கள்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இதை எழுதி ஒட்டுங்கள்: அவசர உதவி 112. ஆம்புலன்ஸ் 108. மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1070. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. சென்னை மாநகராட்சி 1913. கேஸ் கசிவு 1906.

போய் ஸ்விட்சைக் காட்டுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது, தெரியும். பக்கெட் ஞாயிற்றுக்கிழமை கட்டலாம். கார்ப்பென்டர் அடுத்த வாரம் வரட்டும். ஆனால் ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் வீட்டில் இருக்கும் எல்லோரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள். மாமியாரையும், எட்டு வயதுப் பேத்தியையும், வேலைக்கு வரும் அம்மா இருந்தால் அவரையும். "இது மெயின். இது இன்வெர்ட்டர். இது கேஸ் ரெகுலேட்டர்" என்று கையால் காட்டுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொருவரையும் அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது.

அந்த அக்கா வீட்டில் இன்வெர்ட்டர் இப்போது மாடிப்படிக்கு அடியில் இல்லை. தலை உயரத்தில் சுவரில் இரும்பு ஸ்டாண்ட் அடித்து ஏற்றிவிட்டார்கள். அதற்கு ஆன மொத்தச் செலவு, பையன் காப்பாற்றப் பார்த்த பேட்டரியின் விலையில் கால் பங்குகூட இல்லை.